மாற்றாதே, தேற்று!

பழைய காருக்குள் புது எஞ்ஜினைத் திணிப்பது நம் பக்கத்தில் தொற்று வியாதி மாதிரிப் பரவிக்கொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் ஐம்பது வருஷத்து ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர். பானெட்டைத் திறந்தால் எங்கேயோ விபத்தில் நசுங்கிய வேனிலிருந்து உருவிய எஞ்ஜின். அதற்கு 'ரெஸ்டோரேஷன்' என்று பெயர் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உடன்பாடு இல்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. வயிறு எரிகிறது என்பதுதான் நிஜம்.

உடனே நீங்கள் என்னை "ஒரு நட்டைக்கூட மாற்றக் கூடாது" என்கிற கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. காரின் முகம் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் இன்றைய ரோட்டில் நாலு பேர் ஹாரன் அடிக்காதபடி ஓடவும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு எஞ்ஜினை மாற்ற வேண்டியதில்லை. இருக்கிற எஞ்ஜினைத் தேற்றினால் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதை நான் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கிண்டி எஸ்டேட்டில் முப்பத்து நாலு வருஷம் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓட்டியவன். செம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிய காலத்திலிருந்து, தெருவில் தார் ரோடு வருவதற்கு முன்னாலிருந்து, என்னிடம் ஒரு 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ இருக்கிறது. நாலு கதவு, 948 சி.சி. இன்றைக்கும் அதில்தான் காமராஜபுரம் மார்க்கெட்டுக்கும் கேம்ப் ரோடுக்கும் போய் வருகிறேன். மேடவாக்கம் மேம்பாலத்தை டாப் கியரில் ஏறுகிறது. எஞ்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அதே நம்பர்.

ரெண்டு தெரு தள்ளி என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் ரிட்டயர்டு. அவரிடமும் ஒரு மார்க் த்ரீ. நாலு வருஷமாக ஷெட்டில் தூங்குகிறது. பெங்களூரில் இருக்கிற பையன், அப்பாவுக்குப் பிறந்த நாள் பரிசாக அதைப் 'புதுசாக்கி'த் தர ஆசைப்பட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கியிருக்கிறான். அதை நண்பர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பழைய எஞ்ஜின், கியர்பாக்ஸ் கழற்றல். சேஸியில் குறுக்குச் சட்டத்தை வெட்டல். புது மவுண்டிங் வெல்டிங். வேறு கம்பெனி எஞ்ஜின் பொருத்தல். கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பழைய எஞ்ஜின் எடைக்கு எடுத்துக்கொள்ளப்படும்."

எடைக்கு! காயலான் கடையில் இரும்பு விலைக்கு!

அந்த எஞ்ஜின் எங்கே பிறந்தது தெரியுமா? நமக்குக் கூப்பிடு தூரத்தில். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஸ்டாண்டர்டு மோட்டார் பேக்டரி இருந்ததை நம் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1948-ல் தொடங்கிய கம்பெனி. முதலில் வான்கார்ட், பிறகு டென், பென்னன்ட், 1961-ல் ஹெரால்டு, அப்புறம் கெசல். தாம்பரத்திலும் முடிச்சூரிலும் ஊரப்பாக்கத்திலும் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்தார். இன்றைக்கு அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்கு மாடிகளும் நிற்கின்றன. பேக்டரி இருந்ததற்குச் சாட்சி என்று மிச்சமிருப்பது, ஓடிக்கொண்டோ ஓடாமலோ இருக்கிற இந்தச் சில கார்கள்தான். அதில் பாடி வெறும் தகரம். டிங்கரிங் செய்து, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து எத்தனை தடவை வேண்டுமானாலும் உண்டாக்கிவிடலாம். பிளாக் அப்படி இல்லை. போனால் போனதுதான்.

"சார், பழைய எஞ்ஜின்ல பவர் இல்ல சார்" என்பதுதான் எஞ்ஜின் மாற்றுகிறவர்களின் ஒரே வாதம். இதை ஆணித்தரமாக மறுக்கிறேன்.

ஹெரால்டு எஞ்ஜினின் வம்ச வரலாற்றைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்ன காருக்காக இந்த எஞ்ஜினைச் செய்தபோது அது 803 சி.சி. போர் 58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. அடுத்து போரை 63 ஆக்கி 948 சி.சி. ஆனது, நம் ஹெரால்டில் இருப்பது இதுதான். பிறகு 69.3 போரில் 1147 சி.சி. பிறகு 73.7 போரில் 1296. இவ்வளவுக்கும் ஸ்ட்ரோக் அதே 76. கடைசியில் ஸ்ட்ரோக்கையும் 87.5-க்கு நீட்டி 1493 சி.சி. வரைக்கும் கொண்டுபோனார்கள். 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இதே குடும்பத்து 1147 சி.சி. எஞ்ஜின்தான், 63 குதிரைத்திறன். இது சோப்ளாங்கி எஞ்ஜினா?

அப்படியானால் நம் ஹெரால்டு மட்டும் ஏன் கடைசி வரைக்கும் 948-லேயே நின்றது? இங்கிலாந்தில் 1961-லேயே 1147-க்குப் போய்விட்டார்கள். இங்கே லைசென்ஸ், கோட்டா, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. புது டூலிங்குக்குப் பணம் கிடையாது, அனுமதி கிடையாது. அதே எஞ்ஜினை வைத்துக்கொண்டே நாலு கதவு போட்டார்கள், கம்பேனியன் என்று ஸ்டேஷன் வேகன் செய்தார்கள், 1970களில் கெசல் என்று முகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். பாரம் ஏறியது, எஞ்ஜின் ஏறவில்லை. ஆகவே நம் காரின் சோம்பல் அந்த எஞ்ஜினின் குணம் அல்ல. அந்தக் காலத்து அரசாங்கக் கொள்கையின் குணம். நட்டைக்கூடத் தொடாதே கட்சிக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் அசல் அசல் என்று கும்பிடுவதில் பாதி, கோட்டா ராஜ்யத்தின் பற்றாக்குறை.

இன்னொரு உதாரணமும் நம் ஊர் உதாரணமே. 1985-ல் இதே பேக்டரி ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அங்கே அந்த பாடிக்குள் 3,500 சி.சி. வி-எய்ட் எஞ்ஜின் வரைக்கும் இருந்தது. இங்கே உள்ளே வைத்தது வான்கார்ட் வழி வந்த 1991 சி.சி. எஞ்ஜின், சுமார் 83 குதிரைத்திறன். விலையோ எக்கச்சக்கம். மூன்று நாலு வருஷத்தில் கதை முடிந்தது, பேக்டரியின் கதையும் கூடவே. டிராக்டர் எஞ்ஜின் போட்டான், அதனால் அழிந்தான் என்று அப்போது கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் பாதி உண்மை. வான்கார்ட் எஞ்ஜினின் உடன்பிறப்பு ஃபெர்குஸன் டிராக்டரில் உழுதது வாஸ்தவம். ஆனால் அதே எஞ்ஜினை 1991 சி.சி. அளவில், இரண்டு கார்புரேட்டரோடு டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1953-ல் வைத்தார்கள். அது மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓடியது. ஒரே எஞ்ஜின், வயலில் ஏர் உழுதது, ரேஸும் ஓடியது. ஒரு எஞ்ஜின் எப்படி ஓடும் என்பது அதன் வயசில் இல்லை. அதற்குக் காற்றையும் நெருப்பையும் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

கம்பெனிக்காரனே முகத்தை வைத்துக்கொண்டு எஞ்ஜினை மாற்றிய கதையும் உண்டே என்பார்கள். உண்டு. 1992-ல் அம்பாசடரில் 1489 சி.சி. பழைய எஞ்ஜினுக்குப் பதில் 1817 சி.சி. இசுசு எஞ்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வைத்தார்கள். வண்டி பறந்தது. நானே ஒரு டாக்ஸியில் உட்கார்ந்து அசந்துபோனேன். ஆனால் அது என்ன ரோட்டோரத்தில் செய்த வேலையா? மவுண்டிங், பிராப்பெல்லர் ஷாஃப்ட், கூலிங் எல்லாவற்றையும் இன்ஜினியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சோதித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆர்.சி.யில் அந்த எஞ்ஜினே ஏறியது. இங்கே நம் ஒர்க்‌ஷாப்காரர் கணக்கு என்ன? "கட் பண்ணி வெல்ட் அடிச்சிடலாம் சார்." இதுதான் கணக்கு.

சரி, தேற்றுவது எப்படி? செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கூட்டுவது அல்ல. தொலைந்ததைத் திரும்ப வாங்குவது. ஒற்றைக் கார்புரேட்டர் 948 எஞ்ஜின் புதிதாக இருந்தபோது கொடுத்தது சுமார் 35 குதிரைத்திறன். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் 35 இருக்குமா? ரிங் தேய்ந்திருக்கும், போர் முட்டை வடிவமாகியிருக்கும், வால்வு உட்காராது. என் வண்டியில் கேஜ் வைத்துப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் 60, மற்றதெல்லாம் 90 சொச்சம். அதாவது முக்கால் எஞ்ஜினை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். எல்லோரும் 'பழைய எஞ்ஜினில் பவர் இல்லை' என்று சொல்வது இதைத்தான். போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கை கிரைண்ட் பண்ணி, ஃப்ளைவீலோடு சேர்த்து பேலன்ஸ் பார்த்தாலே பாதி நோய் போய்விடும். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கிற சாமான் ஆச்சரியப்படுத்தும். ஜி.பி. ரோட்டில் பழைய கடைக்காரர்களிடம் பொறுமையாகக் கேட்டால் கேஸ்கட்டும் கிடைக்கும். கிடைக்காதவற்றை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். டிரையம்ஃப் பிரியர்கள் அங்கே இன்னமும் பார்ட்ஸ் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, சிலிண்டர் ஹெட். பவர் ஒளிந்திருப்பது இங்கேதான். எஞ்ஜின் என்பது ஒரு காற்று பம்ப். எவ்வளவு காற்றை இழுத்து, எவ்வளவு இறுக்கி, எவ்வளவு சுலபமாக வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு சக்தி. வார்ப்பில் போர்ட்டுக்குள் மேடு பள்ளம் இருக்கும். மேனிஃபோல்டு துவாரமும் ஹெட் துவாரமும் நேர்க்கோட்டில் நிற்காது. கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டு இரண்டையும் ஒத்துப்போகத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளக்கத் தேய்க்கத் தேவையில்லை, படி இல்லாமல் இருந்தால் போதும். அப்புறம் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை 8-லிருந்து எட்டரைக்குக் கொண்டுவந்தேன். இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அந்தக் காலத்தைவிட அதிகம், தாங்கும். ஆனால் அளந்து சீவ வேண்டும். "ரெண்டு பாஸ் அடிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

ஹெட் கையில் இருக்கும்போதே எக்சாஸ்ட் வால்வுக்குக் கடின உலோக சீட் போட்டுவிடுங்கள். 2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு சீட்டுக்குக் கவசமாக இருந்தது. இப்போது கவசம் இல்லை. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும், கிளியரன்ஸ் போகும், பவர் போகும். நட்டைக்கூடத் தொடாதே கட்சிக்கு என் கேள்வி: ஈயப் பெட்ரோலையும் அசலாகக் கொண்டுவந்து ஊற்றுவீர்களா? இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கு ஏற்றபடி ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவை மெலிந்து எஞ்ஜின் சூடாகும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஊறிப் பிய்ந்துபோகும். பெட்ரோல் ஒழுகினால் தீ. எதையும் தொடாமல் வைப்பது பக்தி அல்ல, காரைக் கொல்வதற்கு இன்னொரு வழி.

மூன்றாவது, கார்புரேட்டர். இதே 948 எஞ்ஜினில் எட்டரை கம்ப்ரஷனும் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரும் வைத்து இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பே விற்றார்கள். சுமார் 45 குதிரைத்திறன். அதே பிளாக், அதே சி.சி., பத்துக் குதிரை அதிகம். பானெட்டை மூடினால் ஒன்றும் தெரியாது. திறந்தாலும் அதே குடும்பத்து முகம்தான். நான் ஒற்றைக் கார்புரேட்டரோடு நிறுத்திக்கொண்டேன், எனக்கு அது போதும். ஆசைப்படுகிறவர்கள் இரண்டு வைக்கலாம். அதை யாரும் கலப்படம் என்று சொல்ல முடியாது. கம்பெனியே செய்தது.

நாலாவது, இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளே பாயிண்ட் செட்டும் கண்டென்ஸரும் இருந்த இடத்தில் சின்னதாக எலெக்ட்ரானிக் சாமான் உட்கார்ந்துவிடும். வெளியே அதே மூடி, அதே வயர். மழைக் காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தள்ளுகிற வேலை போய்விட்டது. ஐந்தாவது, ரேடியேட்டர். பழைய டாங்க் மேலும் கீழும் அப்படியே இருக்க, நடுவில் கோர் மட்டும் கூடுதல் வரிசையோடு புதிதாகப் போட்டேன். அக்னி நட்சத்திரத்தில் வேளச்சேரி ரோடு டிராஃபிக்கில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்ஜினின் கிராங்க்குக்கு மூன்றே மெயின் பேரிங். நான் 4,500 சுற்றுக்கு மேல் மிதிப்பதில்லை. 948 பிளாக்கை அப்படியே போர் பண்ணி 1147 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் வார்ப்பே வேறு, சுவர் தாங்காது. நாம் கேட்பது சோழவரம் விமான ஓடுபாதையில் ஓடிய ரேஸ் வண்டியை அல்ல. மேம்பாலம் ஏறவும் லாரியைத் தாண்டவும் தேவையான தெம்பு. அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். பவரைத் தொடுவதற்கு முன்னால் பிரேக்கைத் தொடுங்கள்.

நம் ஹெரால்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அறுபதில் போகிற வண்டி எண்பதில் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிறுத்த வேண்டிய சக்தியோ கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுகிறது. வேகத்தின் வர்க்கம், பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். இங்கிலாந்தில் எஞ்ஜினைப் பெரிதாக்கியவர்கள் 13/60 மாடலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது சும்மா அல்ல. என் வண்டியில் எஞ்ஜினைப் பிரிப்பதற்கு ஆறு மாதம் முன்பே நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாக்கி, டிரம்களை நானே லேத்தில் கட்டி வட்டம் பார்த்தேன்.

அடுத்தது பின் ஆக்ஸில். மார்க் த்ரீ வரைக்கும் ஹெரால்டுக்கு ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், வண்டி சுழலும். இங்கே பல பேருக்கு அது பிடிக்காமல்தான் கெசலில் நேர் ஆக்ஸில் போட்டார்கள். இப்போது யோசியுங்கள். அறுபதைத் தாண்டாத வண்டிக்காகச் செய்த அந்தப் பின்புறத்தின் மேல், இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்ஜினைத் தூக்கி வைக்கிறார்கள். முன்பாரம் மாறுகிறது, சேஸியை வெட்டியிருக்கிறார்கள், பிரேக் அதே பழைய டிரம். பெயின்ட் மட்டும் ஷோரூம் பளபளப்பு. அதில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போகிறார்கள். இதைத்தான் நான் வயிறு எரிகிறது என்றேன்.

நண்பரின் பையனிடம் போனில் இதைச் சொன்னேன். நல்ல பையன். "அங்கிள், செலவு எப்படியும் ஆகப்போகுது. ஏ.சி. போடணும்னா 948 இழுக்காதே" என்றான். நான் சொன்னேன்: "ஏ.சி. வேண்டுமென்றால் உன் காரில் அப்பாவை உட்கார வைப்பா. அந்த வண்டியில் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு போவதுதான் அவருக்குச் சுகம்." செலவுக் கணக்கையும் சொன்னேன். அவனுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் பாதிக்கும் குறைவாகவே எஞ்ஜின், பிரேக் இரண்டையும் தேற்றிவிடலாம். ஒர்க்‌ஷாப்காரருக்கு இதில் லாபம் குறைவு, கை வேலை அதிகம். அதனால்தான் அவர் இதைச் சொல்வதில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி, அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற முடியாது. ஆர்.சி.யில் ஒரு எஞ்ஜின் நம்பர், வண்டியில் ஒரு எஞ்ஜின் நம்பர் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் விடுவாரா? அவர் விட்டாலும் நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் விடுவாரா?

இன்னொன்று, நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி, அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படியிருந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் வரிசை. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது என்ற நிபந்தனை உண்டு. அதனால்தான் நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு மார்க்கெட் போக வேண்டும். ஆனால் என் பேரன் ஒருநாள் அந்த நம்பரை வாங்க நினைத்தால் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா? 1969 மார்க் த்ரீக்கு 2019-லேயே ஐம்பது முடிந்துவிட்டது. கெசல்களும் ஒவ்வொன்றாக அந்த வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. எஞ்ஜினை எடைக்குப் போட்டவன் அந்தக் கதவைத் தானே ஆணி அடித்து மூடிவிட்டான். சேஸியை வெட்டிய பிறகு திரும்ப ஒட்டினாலும் அது அசல் ஆகாது.

ஆனால் ஹெட் வேலை, பேலன்ஸ், ஜெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற சாமான் இவை எல்லாம் ஒரே நாளில் திரும்பக் கழற்றிப் பழையபடி வைக்கக்கூடியவை, அல்லது கம்பெனியே செய்து விற்றவை. நான் வைத்துக்கொண்டிருக்கும் உரைகல் இதுதான். நாம் செய்கிற வேலையை நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடியுமா? முடியும் என்றால் செய்யுங்கள். முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்றால், கையை எடுத்துவிடுங்கள். சீவிய ஹெட்டைக்கூட ஒரு கனமான கேஸ்கட்டால் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். வெட்டிய சேஸிக்கு அப்படி ஒரு கேஸ்கட் கிடையாது.

"உங்களுக்கென்ன சார், நீங்க மெஷினிஸ்ட், நீங்களே செஞ்சுக்குவீங்க" என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. போர் பண்ணியதும் கிராங்க் கிரைண்ட் செய்ததும் வெளி ஆள்தான். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் இந்த வேலை தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது எழுபது வயசு. ஃபில்லர் கேஜைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்கிறவர்கள். அவர்களிடம் யாரும் வேலை கொண்டுவருவதில்லை, ஏனென்றால் எல்லோரும் 'மாற்றிவிடு' என்கிறார்கள். வேலை வராததால் பையன்கள் கற்றுக்கொள்வதில்லை. எஞ்ஜினை எடைக்குப் போடும்போது நாம் கூடவே எடைக்குப் போடுவது இந்தக் கை வித்தையையும்தான். பத்து வருஷம் கழித்துத் தேற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் தேற்றத் தெரிந்தவன் இருக்க மாட்டான்.

ஆகவே வீட்டில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது. ஷெட்டைத் திறந்து முதலில் எஞ்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள், எழுதி வையுங்கள். பிரேக்கை நேராக்குங்கள். அப்புறம் ஹெட்டைக் கழற்றலாம். எஸ்டிமேட்டில் 'எடைக்கு' என்ற வார்த்தை இருந்தால் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்டாண்டர்டில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், பழைய ஒர்க்‌ஷாப் மேனுவலோ ஸ்பெஷல் டூலோ பரணில் வைத்திருந்தால் தயவுசெய்து பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். செம்பாக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு கிழவன் இருக்கிறான்.